வழுக்காத சூப்

எங்கள் மகள் யுன்சுலைப் பார்க்க எங்களுக்குப் பதினான்கு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு ஞாயிறு காலை ஏழு மணிக்கே சியோலுக்குப் பக்கத்தில் இல்சான் ஸ்டூடியோவில் இருக்க வேண்டும், உள்ளே வந்த பிறகு நிகழ்ச்சி முடியும்வரை வெளியே போக முடியாது என்று கடிதத்தில் போட்டிருந்தது. நானும் என் மனைவி கும்ஹியும் முந்தின நாளே எங்கள் ஊர் சம்சொக்கிலிருந்து பஸ் ஏறினோம். நான் வீட்டுத் தரையைச் சூடாக்குகிற பாய்லர்களை ரிப்பேர் செய்கிறவன். ஜனவரியில் ஒருநாள் கடையை மூடினால் நாலு வீட்டில் தரை சில்லிட்டுப் போகும். இருந்தாலும் மூடினேன். மகளை நேரில் பார்த்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

யுன்சுல் 'ஏழாம் ஜன்னல்' என்ற குழுவில் பாடி ஆடுகிறாள். மொத்தம் ஐந்து பெண்கள். ஐந்து பேருக்கு எதற்கு ஏழாம் ஜன்னல் என்று அவர்கள் நிறுவனத் தலைவர் மேங்கிடம் ஒருமுறை கேட்டேன். அது அவர்களுடைய பிரபஞ்சக் கதை, மூன்றாவது ஆல்பத்தில் விளங்கிவிடும் என்றார். அப்போது முதல் ஆல்பம்தான் வந்திருந்தது. இப்போதும் அப்படித்தான்.

டிவியில் 'கடைசி மேடை' என்று ஒரு போட்டி. எடுபடாமல் போன ஆறு குழுக்கள் பத்து வாரம் மோதவேண்டும். முதலில் வருகிற குழுவுக்கு மகுடமும், ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று வருட நீட்டிப்பும். கடைசியில் வருகிற குழுவை அந்த மேடையிலேயே கலைத்துவிடுவார்கள். விளக்கை ஒவ்வொன்றாக அணைப்பார்கள், பெயர்ப்பலகையை இறக்குவார்கள், ஒப்பந்தம் அந்த நிமிடமே செல்லாது. நடுவில் தானாக விலகினால் நஷ்ட ஈட்டுக்கு எங்கள் வீட்டையும் கடையையும் சேர்த்து விற்றாலும் போதாது. ஆனால் கலைக்கப்பட்ட குழுவின் பெண்கள் அன்றைக்கே பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இதைத்தான் நிகழ்ச்சியில் மிகக் கொடிய தண்டனை என்று இருட்டில் ஒரு குரல் சொல்லும்.

ஏழாவது வாரம் ஒத்திகையில் யுன்சுல் விழுந்தாள். முழங்கால் திரும்பிவிட்டது. அதை மெதுவாக ஓடவிட்டு, வயலின் இசையோடு நான்கு தடவை காட்டினார்கள். நான்காவது தடவை கும்ஹி எழுந்துபோய் டிவியின் முன்னால் நின்றுகொண்டாள், நான் பார்க்கக்கூடாது என்று. அந்தக் காலோடு இன்னும் மூன்று வாரம் ஆடினாள்.

இறுதிப் போட்டி அவளுடைய இருபத்து மூன்றாவது பிறந்தநாளில் வந்தது. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

பிறந்தநாள் என்றால் கடற்பாசி சூப் குடிக்கவேண்டும். குடிக்காவிட்டால் வயது கூடினது கணக்கில்லை. ஆனால் பரீட்சை நாளிலோ போட்டி நாளிலோ அதைத் தொடக்கூடாது. கடற்பாசி வழவழவென்று இருக்கும், குடித்தவர் வழுக்கி விழுவார். அன்றைக்குத் தின்னவேண்டியது யொத் மிட்டாய், பல்லில் ஒட்டிக்கொண்டு விடாத அரிசிப் பாகு மிட்டாய். அது ஒட்டுகிற மாதிரி வெற்றியும் ஒட்டும். இதைச் சொல்லித்தராத தாய் எங்கள் நாட்டில் இல்லை. ஆகவே கும்ஹி இந்த வருடம் சூப் வேண்டாம் என்றுதான் இருந்தாள்.

ஞாயிறுதோறும் யுன்சுலுக்கு மூன்று நிமிடம் போன் தருவார்கள், மேனேஜர் பக்கத்தில் இருக்க. இரண்டு வாரத்துக்கு முன்னால் அதில் அவள் சொன்னாள்.

"அம்மா, எனக்கு உன் கடற்பாசி சூப் வேணும். ஃபைனல் அன்னைக்கே வேணும்."

"வழுக்குமேடி."

"தெரியும்மா. கொண்டு வா."

பிள்ளைக்கு வீட்டு ஏக்கம் என்றாள் கும்ஹி. எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஸ்டூடியோ வாசலிலேயே அந்த சூப் கைதானது. காவலர் எங்கள் பெரிய பிளாஸ்க்கைத் திறந்து முகர்ந்துவிட்டு யாருக்கோ வயர்லெஸ்ஸில் சொன்னார். ஒரு பெண் ஓடிவந்தாள். முப்பது வயதிருக்கும், முகத்தில் தூக்கமே இல்லை, காலில் கம்பளிச் செருப்பு. எழுத்தாளர் தோ என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். எதுவும் எழுதி வைக்காத உண்மை நிகழ்ச்சி என்றுதான் விளம்பரம். அதற்கு ஆறு எழுத்தாளர்கள் இருந்தார்கள். தோ பிளாஸ்க்கின் மேல் 'கதைப்பொருள் 31' என்று ஒரு சீட்டை ஒட்டி எடுத்துக்கொண்டு போனாள். எங்களுக்கும் சீட்டு உண்டு. நான் 'அப்பா 4'.

எங்களை வைத்த அறையின் கதவு வெளியிலிருந்து அட்டை காட்டினால்தான் திறக்கும். உள்ளே ஒரு சோபா, ஒரு டிவி, ஒரு கிண்ணம் நிறைய யொத் மிட்டாய். மிட்டாய் கம்பெனிதான் நிகழ்ச்சியை வழங்குகிறது. எங்கள் சட்டையில் மைக் குத்தினார்கள். கழிப்பறைக்குப் போகும்போதும் கழற்றக்கூடாது, மனதில் இருப்பது எப்போது வாயில் வரும் என்று யாருக்கும் தெரியாது என்றார்கள். பிறகு ஒரு படிவத்தில் கையெழுத்து. நாங்கள் அழுதால் அந்தக் கண்ணீர் சேனலுக்குச் சொந்தம். அழாவிட்டால் காரணம் எழுதித் தரவேண்டும்.

பெற்றோரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லையல்லவா. அதனால் அந்தக் கட்டடத்தில் விளக்குப் பிடிக்கிறவர் முதல் காவலர் வரை எல்லோருக்கும் நான் அப்பா. "அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க." "அப்பா, மைக்க மறைக்காதீங்க." அன்று என்னை அப்பா என்று கூப்பிடாதவள் என் மகள் ஒருத்திதான்.

முதலில் என் மனநிலையைச் சரிசெய்தார்கள். மகள் பாடப்போனதை நான் எதிர்த்தேன்தானே என்று கேட்டாள் தோ. இல்லை, வாரம் மூன்று நாள் நானே வேனில் நடன வகுப்புக்குக் கூட்டிப்போவேன் என்றேன். அவள் தாளைப் புரட்டினாள். ஆதரவான அப்பாக்கள் ஏற்கனவே மூன்று பேர் இருக்கிறார்களாம். காலியாக இருப்பது எதிர்ப்பு அப்பா மட்டும்தான்.

"நீங்க பேசவே வேணாம்ப்பா. திரும்பி நின்னாப் போதும். அந்த ஜன்னல் பக்கம் பாத்துட்டு. முதுகுலயே கோபம் தெரியும், முதுகுலயே பாசமும் தெரியும்."

"என் பொண்ண நான் பாக்க வேண்டாமா?"

"பாக்கலாமே. சாயங்காலம் டிவில பாக்கலாம்."

கும்ஹி மெதுவாகச் சொன்னாள், "விடுங்க. உங்க முதுகையாவது அவ பாக்கட்டும்."

அடுத்தது தழுவல். மகள் மேடையிலிருந்து இறங்கி ஓடிவர, நாங்கள் கட்டிக்கொள்வதை எடுக்கவேண்டும். மகள் இல்லை. ஒத்திகையில் இருந்தாள். அவளுடைய உயரத்துக்கு ஒரு துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு விளக்குக்காரர் நின்றார். வென்றதற்கு ஒரு தழுவல், தோற்றதற்கு ஒரு தழுவல், இரண்டும் எடுத்தார்கள். கும்ஹி துடைப்பத்தைக் கட்டிக்கொண்டாள். அழுகை வரவில்லை. நாலு மணிக்கே எழுந்தவள், கொட்டாவி வந்தது, கண்ணில் தண்ணீர் நின்றது. இயக்குநர் தாக் அதைப் பார்த்து மனம் நெகிழ்ந்துபோனார்.

தாக் ஐம்பது வயதுக்காரர், மிக மெதுவாகப் பேசுகிறவர். எங்களுக்கு ஏதோ சந்தேகம் என்று முகத்திலேயே தெரிந்திருக்கவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார்.

"அப்பா, இந்த நிகழ்ச்சில நாங்க எதையும் ஜோடிக்கறதில்ல. உண்மை தானா வரும். வர்றதுக்கு நேரம் ஆகும்ங்கறதால முன்னாடியே எடுத்து வெச்சுக்கறோம், அவ்வளவுதான்."

சூப் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. பதினோரு மணிக்கு அதற்கென்று ஒரு கூட்டம் போட்டார்கள். எங்கள் அறையிலேயேதான், ஏனென்றால் எங்களை வெளியே விட முடியாது. மேசை நடுவில் பிளாஸ்க். சுற்றி தாக், தோ, மேங், சேனலின் வக்கீல், மிட்டாய் கம்பெனி அதிகாரி ஒருவர். பிளாஸ்க்கை அவர்கள் பார்த்த விதத்தில் நானே என் மனைவி என்ன கொண்டுவந்தாள் என்று பயந்துவிட்டேன்.

மேங் முதலில் பேசினார். போட்டி நாளில் கடற்பாசி சூப்பா, இது என் குழுவின் மேல் நடத்துகிற கொலைமுயற்சி என்றார். பிறகு கும்ஹி பக்கம் திரும்பிக் குரலைத் தழைத்தார்.

"அம்மா, நானும் அந்தப் பிள்ளைங்களுக்கு அப்பா மாதிரிதான். அதுங்க பட்டினி கெடக்கறதப் பாத்தா எனக்குச் சோறு எறங்காது. அதனாலதான் நான் அவங்களோட சேந்து சாப்பிடறதே இல்ல."

வக்கீலுக்கு வேறு கவலை. சூப்பைக் குடித்து வழுக்கினால் அது தாயின் பொறுப்பா, சேனலின் பொறுப்பா? வழுக்குவது சகுனத்தால் என்றால் காப்பீடு கிடையாது, தரை ஈரத்தால் என்றால் உண்டு. மிட்டாய் அதிகாரி தன் கம்பெனி வழங்கும் மேடையில் எதிரிப் பண்டம் காட்டப்படுவதை வன்மையாக ஆட்சேபித்தார். மிட்டாய் தின்றும் தோற்றவர்கள் உண்டே என்று கும்ஹி கேட்டாள். உண்டுதான், ஆனால் அவர்களை நாங்கள் விளம்பரத்தில் போடுவதில்லை என்றார் அவர்.

கடைசியில் தாக் தீர்ப்பு சொன்னார். தாய் சூப்பை நீட்டுவாள். மகள் கண்ணீரோடு, "வேண்டாம்மா, என் குழுவுக்காக இன்னைக்கு நான் இதைக் குடிக்கமாட்டேன்" என்று மறுத்து, ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். தாய் ஆறின சூப்பைப் பார்த்தபடி நிற்பாள். எல்லோருக்கும் திருப்தி. மேங் கை தட்டினார்.

"அப்ப அந்தப் பொண்ணு பசிக்கு?" என்றாள் கும்ஹி.

கேள்வி நன்றாக இருந்ததால் தோ குறித்துக்கொண்டாள்.

நிகழ்ச்சி மாலை ஐந்து மணிக்கு நேரலையில் ஆரம்பித்தது. ஏழாம் ஜன்னல் ஆறாவதாக ஆடவேண்டும். அதற்கு முன் அந்தப் பதினான்கு நிமிடம். செட்டுக்குக் கூட்டிப்போய் என்னை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தினார்கள். அது உண்மையான ஜன்னல் இல்லை, அட்டைச் சுவரில் பொருத்திய கண்ணாடி. பின்னால் சியோல் நகரத்தின் படம். கண்ணாடி என்பதால் என் முதுகுக்குப் பின்னால் நடப்பது அதில் மங்கலாகத் தெரிந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

கதவு திறந்தது. ஐந்து பேரும் வந்தார்கள். பெண்ணைப் பார்த்ததும் கும்ஹி இரண்டு அடி வைத்தாள். அதற்குள் ஐந்து பேரும் வரிசையாக நின்று, "ரெண்டு, மூணு" என்று எண்ணி, இடுப்பு வரை குனிந்து, "வணக்கம், நாங்கள் ஏழாம் ஜன்னல்" என்று ஒரே குரலில் கத்தினார்கள். யுன்சுலும்தான். பெற்ற தாயிடம். நிமிர்ந்த பிறகுதான் தான் செய்தது அவளுக்கு உறைத்தது. கும்ஹி பதிலுக்குக் குனிந்து, "வணக்கம், நான் சம்சொக் கும்ஹி" என்றாள். யுன்சுல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவளுடைய ஒன்பதாம் வகுப்புச் சிரிப்பு. நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன்.

இளைத்திருந்தாள். வலது முழங்காலில் தோல் நிறத்தில் பட்டை சுற்றியிருந்தது. உட்காரும்போது அந்தக் காலைக் கையால் தூக்கி வைத்தாள், வேறு யாருடைய காலையோ வைப்பது மாதிரி. என் பக்கம் பார்த்தாள். வாயைத் திறந்தாள். கேமராவுக்குப் பின்னால் தோ தலையை ஆட்டினாள். எதிர்ப்பு அப்பாவிடம் மகள் பேசமுடியாது. வாயை மூடிக்கொண்டாள்.

கும்ஹி கிண்ணத்தில் சூப்பை ஊற்றி நீட்டினாள். மேங் மிட்டாய்க் கிண்ணத்தைக் காலால் நகர்த்தி முன்னால் விட்டார். எல்லோரும் அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தார்கள்.

யுன்சுல் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். நிறுத்தாமல், ருசி பார்க்காமல், மருந்து குடிக்கிற மாதிரி. வைத்துவிட்டு, "இன்னொரு கிண்ணம்மா" என்றாள். "தண்ணி வேணாம். பாசியா போடு."

கும்ஹி அவளைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, கண்ணாடியில் நேரம் தெரியாது. அதுவரை மேலாகச் சாறு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை பிளாஸ்க்கின் அடிவரை விட்டு, கறுப்பாக, கனமாக அள்ளினாள்.

"மெல்லாத. அப்படியே முழுங்கு" என்றாள். "வழவழன்னு எறங்கிடும்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் குழாய் மாட்டுகிறவன். தண்ணீர் எந்தப் பக்கம் வெளியே போகப் பார்க்கிறது என்று சுவருக்கு இந்தப் பக்கம் நின்றே சொல்லிவிடுவேன். என் பெண்ணைப் புரிந்துகொள்ள இரண்டாவது கிண்ணம் தேவைப்பட்டது.

குழுத் தலைவி சுரியோன், இருபத்தாறு வயதுப் பெண், அதுவரை ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், கிண்ணத்துக்குக் கையை நீட்டினாள். "அம்மா, எனக்கும்." பிறகு மற்ற மூவரும். ஐந்து பேரும் வரிசையில் நின்று, மூத்தவள் முதலில், இளையவள் கடைசியில், பிளாஸ்க்கைக் கவிழ்த்துக் காட்டும்வரை குடித்தார்கள். மேங் சுவரில் சாய்ந்துவிட்டார். வக்கீல் தரை ஈரமாக இருக்கிறதா என்று குனிந்து தொட்டுப் பார்த்தார். தாக் மட்டும் அசையவில்லை. அவர் கண் மூடியிருந்தது, பிரார்த்தனை செய்கிறவர் போல.

அவர்கள் மேடைக்குப் போனார்கள். எங்களை மறுபடி அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

டிவியில் பார்த்தோம். வழுக்கவேண்டுமென்றுதான் அந்தப் பெண்கள் போயிருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு மோசமாக ஆடத் தெரியவில்லை. பத்து வருடம் பழக்கிய கால்கள் தாளம் கேட்டதும் தாமாகச் சரியான இடத்தில் போய் நின்றன. யுன்சுலின் வலது கால்கூட. கும்ஹி, "தப்பா வைடி, தப்பா வை" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். மைக் அதைப் பதிவுசெய்துகொண்டே இருந்தது.

பாட்டு முடிந்ததும் கேமரா ஒரு முகத்தில் சில நொடி நிற்கும். அன்று யுன்சுலின் முகம். மூச்சு வாங்கினாள், பிறகு சிரித்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறவளின் சிரிப்பு. நடுவர்கள் அவர்களை ஆறாவது இடத்தில் போட்டார்கள். பெயர்ப்பலகையை இறக்க இரண்டு பேர் ஏணியோடு வந்து நின்றதையும் பார்த்தேன். கும்ஹி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கடைசி பஸ் எட்டே காலுக்கு, மூன்று டிக்கெட் கிடைக்குமா என்று கேட்டாள்.

மீதிப் பாதி மதிப்பெண் மக்களுடைய வாக்கு. வாக்கெடுப்புக்கு முன்னால் தாக் அந்தச் சூப் காட்சியைப் போட்டார். என் முதுகு வந்தது. கும்ஹியின் கொட்டாவிக் கண்ணீர் வந்தது. யுன்சுல் குடித்தாள். அடியில் எழுத்து ஓடியது: 'தோற்றாலும் பரவாயில்லை, அம்மாவின் கையே போதும்.' நாடு முழுவதும் தாய்மார்கள் போனை எடுத்தார்கள். பூசானில் ஒரு காய்கறிச் சந்தையே வியாபாரத்தை நிறுத்திவிட்டு வாக்களித்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

ஏழாம் ஜன்னல் முதலிடத்துக்கு வந்தது.

மேலேயிருந்து தங்கக் காகிதம் கொட்டியது. ஏணிக்காரர்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐந்து பெண்களும் காகித மழைக்கு நடுவில் அசையாமல் நின்றார்கள். யுன்சுல் குந்தி உட்கார்ந்து, நல்ல காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். 'ஆனந்தக் கண்ணீர்' என்று எழுத்து ஓடியது. மேங் மகுடத்தையும் மூன்று வருட நீட்டிப்புப் பத்திரத்தையும் ஒரே தட்டில் வைத்துக்கொண்டு மேடையேறினார்.

நான் கதவைத் தட்டினேன். ரொம்ப நேரம் கழித்து தோ திறந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. பெண்ணைப் பார்க்கவேண்டும் என்றேன்.

"கட்டிப்புடிக்கற ஷாட் காலைலயே எடுத்தாச்சேப்பா" என்றாள். நிஜமாகவே வருத்தத்தோடுதான் சொன்னாள். "அருமையா வந்திருக்கு. நீங்க கெளம்பலாம்."

பிளாஸ்க்கைத் திருப்பித் தரவில்லை. அது கண்காட்சிக்கு.

அந்த வருடத்திலிருந்து நாட்டில் ஒரு பழக்கம் மாறியது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் காலையில் கடற்பாசி சூப் குடித்துவிட்டுப் போகிறார்கள். வேலை நேர்காணலுக்குப் போகிறவர்களும் குடிக்கிறார்கள். மிட்டாய் கம்பெனி சூப் பொட்டலம் போட ஆரம்பித்தது. பொட்டலத்தின் மேல் ஒரு முதுகுப் படம். என்னுடையது. சம்சொக்கில் பாய்லர் ரிப்பேருக்குப் போனால் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிப் படம் எடுக்கிறார்கள்.

இலையுதிர் காலத்தில் 'கடைசி மேடை'யின் வெற்றியாளர்களுக்கு மட்டும் ஒரு போட்டி அறிவித்தார்கள். அதிலும் கடைசியில் வருகிற குழுவைக் கலைத்துவிடுவார்கள். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. மூன்று நிமிடம். சாப்பிட்டாயா, கால் எப்படி, குளிருகிறதா என்று இரண்டரை நிமிடம் போய்விட்டது. பிறகு யுன்சுல் சொன்னாள்.

"அம்மா, இந்தத் தடவை சூப் வேணாம். இப்ப அதக் குடிச்சா எல்லாரும் ஜெயிக்கறாங்க."

கும்ஹி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"யொத் மிட்டாய் கொண்டு வா. நெறைய."

"பல்லுல ஒட்டிக்கிட்டு விடாதேடி. வாயத் தொறந்து பாட வராது."

"ஒட்டட்டும்மா. நீ கிண்டினதா இருக்கணும். கடை மிட்டாய் வேணாம்."

போன் எனக்கு வருவதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.

கும்ஹி மறுநாளே அரிசியை வேகவைத்து, முளைகட்டிய பார்லிப் பொடியைக் கலந்து ஊறவிட்டாள். சாற்றைப் பிழிந்து, அதற்கடுத்த நாள் விடியும்போது அடுப்பில் ஏற்றினாள். அண்டா பெரிது என்பதால் பழைய பாய்லர் ஒன்றின் பர்னரைக் கழற்றி நான்தான் பொருத்திக் கொடுத்தேன். பாகு பழுப்பாகித் திரண்டு வரும் நேரம். போன் அடித்தது.

"அப்பா?" என்றது ஒரு பெண் குரல்.

ஒரு நொடி அது யுன்சுல் என்று நினைத்துவிட்டேன்.

எழுத்தாளர் தோ. மிட்டாய் யோசனை பிரமாதம் என்றாள். சூப்பால் வென்ற மகள், சூப்பைத் துறந்து மிட்டாய்க்குத் திரும்புகிறாள், கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். அம்மா சொந்தக் கையால் கிண்டுவதை எடுக்க கேமரா ராத்திரியே கிளம்பிவிட்டது, இப்போது எங்கள் தெரு முனையில் இருக்கிறது. கதவை மட்டும் திறந்துவிட முடியுமா, அப்பா?

நான் கும்ஹியைப் பார்த்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்தப் பதத்தில் கரண்டியை நிறுத்தினால் பாகு அண்டாவோடு இறுகிவிடும். அவள் கிண்டிக்கொண்டே இருந்தாள்.